மூடுபனிக்குள் ஒரு ‘என்னங்க’

எங்கள் மாத்தளை வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் நக்கிள்ஸ் மலை தெரியும். ஒருநாளாவது அங்கே கூட்டிப்போங்கள் என்று பதினாறு வருடமாக மனைவி விஜயா கேட்டுவந்தாள். கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் எனக்குச் சாக்குகள் தீர்ந்துவிட்டன. உயரம் என்றாலே பயப்படும் ஆள் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மலை இருக்கும் லக்கல பக்கம் பஸ் குறைவு. அதனால் ஓர் ஆட்டோவைப் போக வர 9,500 ரூபாவுக்குப் பேசினோம். காலை ஆறரைக்குப் புறப்பட்டு, ரத்தோட்டையில் பிளேன்டீ குடித்து, ரிவர்ஸ்டன் வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டு, எட்டரைக்குப் பிட்டவல பத்தனையில் இறங்கினோம். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் எடுத்து, புல்வெளியில் முக்கால் கிலோமீட்டர் நடந்தால் ‘குட்டி உலக முடிவு’ என்கிற செங்குத்துப் பள்ளம் வரும்.

ஆட்டோக்காரர் செல்வம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். “பனி எறங்கிருச்சுன்னா நின்ன எடத்துலயே நின்னுருங்க சார். தானா வெலகிரும்” என்றார். சரி சரி என்று தலையாட்டினேன். என் தலை எதற்கும் ஆடும்.

விளிம்புக்கு எட்டத்தில் நின்றே பார்த்தேன். கீழே லக்கல வயல்கள் துண்டு துண்டாகப் பச்சை. பயம் போய், வந்தது நல்லது என்றே தோன்றியது. விஜயா படமெடுக்கப் பின்தங்கினாள். நான் காலுறையில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டு நிமிர்வதற்குள் பனி மூடிக்கொண்டது. என் காலில் கிடந்த சப்பாத்தே எனக்குத் தெரியவில்லை.

“என்னங்க, இங்கிட்டு வாங்க” என்று இடப்பக்கம் குரல் கேட்டது.

“இந்தா வர்றேன்” என்று சொல்லிவிட்டு நடந்தேன். மறுபடியும் ‘என்னங்க’ என்றது. வேகமாகப் போனேன்.

அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல், தொண்டை கிழிய:

“பாலகிருஷ்ணன், நில்லுங்க. அது நான் இல்ல.”

கல்யாணமான நாளிலிருந்து விஜயா என் பெயரைச் சொன்னதில்லை. கிளினிக்கில் கேட்டால்கூட என் அடையாள அட்டையைத்தான் நீட்டுவாள். அந்த அதிர்ச்சியிலேயே என் கால் நின்றுவிட்டது.

ஐந்து நிமிடத்தில் பனி கலைந்தது. எனக்கு முன்னால் பத்தடியில் புல் முடிந்திருந்தது. பள்ளம் அந்த இடத்தில் உள்வாங்கி வளைகிறது. அதற்கு அப்பால், பத்திரமான பாறையில், யாரோ ஒரு பெண் தன் கணவருக்குத் தண்ணீர் போத்தலை நீட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்ட ‘என்னங்க’ அவளுடையது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. விஜயா ஓடிவந்து என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். நீளமான காலுறை போடுங்கள், அட்டைக்குச் சவர்க்காரம் பூசுங்கள். அங்கே போன் சிக்னலை நம்பாதீர்கள். பனி இறங்கினால் அசையாதீர்கள். முக்கியமாக, தமிழ்க் குடும்பங்கள் நிறைய வரும் இடம் அது. ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதென்று ஆட்டோவிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது விஜயா வெளியே பார்த்தபடி, “பேரச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க” என்றாள்.

“இன்னொருக்கா சொல்லேன்” என்றேன்.

சொல்லவில்லை. மாத்தளை வரும்வரை என் கையையும் விடவில்லை.