எங்கள் வீட்டுப் ‘பரவாயில்லை’

என் அப்பாவுக்கு வாயைத் திறந்து எதையும் புகழத் தெரியாது. சங்கரன்கோவிலில் பருத்தித் தரகுதான் அவர் தொழில். குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துக் கரிசலிலிருந்து வண்டி வண்டியாகப் பருத்தி வந்து இறங்கும். அப்பா மூட்டைக்குள் கையை விட்டு ஒரு கொத்தை உருவி, இரண்டு கை விரல்களாலும் இழுத்துப் பார்ப்பார். இழை குட்டையாக இருந்தால் ‘மட்டம்’. சருகும் தூசியும் கிடந்தால் ‘சுமார்’. அதற்குக் கொஞ்சம் மேலே என்றால் ‘தேறும்’. இழை நீண்டு, பளிச்சென்று வெளுத்து, இதற்கு மேல் ஒரு பருத்தி கிடையாது என்று அவருக்கே தெரிந்துவிட்டால், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, “பரவாயில்ல” என்பார். நல்ல சரக்கை நல்ல சரக்கு என்று சொன்னால் விற்கிறவன் விலையை ஏற்றிவிடுவானே!

சந்தையோடு விட்டாரா மனிதர்? அந்தப் பேச்சையே வீட்டுக்கும் கொண்டுவந்தார். அம்மா கைமணக்க வைத்த மீன்குழம்பு ‘தேறும்’. தீபாவளிக்கு எடுத்த சேலை ‘சுமார்’. நான் எட்டாம் வகுப்புப் பரீட்சையில் பாஸாகி, எங்கள் தெருவில் அதுவரைக்கும் எந்தப் பெண்ணும் பாஸாகாத பரீட்சை அது, ஓடிவந்து சொன்னபோது, “பரவாயில்லயேட்டி!” என்றார். எதிர்வீட்டு மதினி, “பிள்ளைய மனசாரப் பாராட்டினா என்னவாம்?” என்று அங்கலாய்த்தாள். அவளுக்கு என்ன தெரியும்? நான் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

அந்தக் காலத்தில் எட்டாவது பாஸானாலே டீச்சர் டிரெயினிங்கில் சேரலாம். பாளையங்கோட்டைக்குப் போய் அதைப் படிக்க வேண்டும். அது ஒன்றுதான் அப்போது என் ஆசை. ஹாஸ்டலில் தங்கிப் படித்துவிட்டு வந்தால் ஏதாவது ஒரு ஊரில் வேலை கிடைக்கும். தினமும் குடையைப் பிடித்துக்கொண்டு நானாகத் தெருவில் நடந்து பள்ளிக்கூடம் போகலாம். அப்பா “பாப்போம்” என்று சொல்லி வைத்திருந்தார். பரீட்சை முடிந்ததிலிருந்து என்னை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். வாசலில் தலை தெரிந்தால் போதும், “உள்ள போ ஏட்டி!” என்று யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்கள். ‘பாப்போம்’ என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

அப்போதுதான் சிவகிரியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாகப் பலசரக்குக் கடை. அவருடைய அத்தை என்னைக் கிட்டே கூப்பிட்டு, சடையைத் தூக்கிப் பார்த்தாள், நடக்கச் சொன்னாள், விரலை நீட்டச் சொன்னாள். பிறகு என் காது கேட்கவே, “நெறம் ஒரு மட்டுதான். ஆனாலும் தேறும்” என்றாள். எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! நான் என்ன மூட்டையிலா வந்து இறங்கினேன்? அடுப்படிக்குள் போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அப்பா அடுப்படி நிலைக்கு வந்தார். அந்தக் காலத்தில் எந்தத் தகப்பன் மகளிடம் கேட்டான்? என் அப்பா கேட்டார். அந்தப் புண்ணியம் அவருக்கு உண்டு.

“ஏட்டி, மாப்பிள்ளையப் பாத்தேல்லா? இந்த எடத்தையே முடிச்சிருவமா? என்ன சொல்லுத?”

கூடத்தில் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நல்ல காரியம் பேசுகிற இடத்தில் ‘வேண்டாம்’ என்ற சொல்லை ஒரு பெண்பிள்ளை வாயால் சொல்வதா? இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டால் இலைக்கு மேல் கையை மறித்துக்கொண்டு ஒன்று சொல்வோமே, அதுதான் வந்தது.

“பரவாயில்லப்பா.”

எனக்கு வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். வேறு யாராக இருந்தாலும் புரிந்திருக்கும். நான் சொன்னதோ ஒரு பருத்தித் தரகரிடம். அப்பா முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கூடத்தைப் பார்த்துத் திரும்பி, “கேட்டியளா அண்ணாச்சி! எம் மகளே பரவாயில்லன்னுட்டா!” என்று மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் சத்தமாகச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அங்கே வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

அவர்கள் போனதும் அம்மாவைத் தேடிக் கொல்லைக்கு ஓடினேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

“எம்மா, நான் வேண்டாம்னுதாம்மா சொன்னேன். அப்பா தப்பா எடுத்துக்கிட்டாவ. நீ போய்ச் சொல்லும்மா.”

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நீ என்ன நெனச்சுச் சொன்னேன்னு தெரியும்ட்டி. பக்கத்துலதான நின்னேன்.”

“பெறவு ஏன் சும்மா நின்ன?”

அம்மா சாம்பல் கையோடு நிமிர்ந்தாள். “அந்த வீட்டுக்குள்ளயே கெணறு இருக்காம். நல்ல தண்ணி. கோடையிலயும் வத்தாதாம். அந்த அத்தைகிட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன்.”

எங்கள் தெருவில் நல்ல தண்ணீருக்குத் தொலைவு போக வேண்டும். கோடை வந்துவிட்டால் விடியுமுன்னே குடத்தை வைத்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். குடம் இருந்து இருந்து அம்மாவின் இடுப்பு ஒரு பக்கம் கறுத்துக் காய்த்துப்போயிருந்தது.

“நான் டீச்சராப் போகணும்மா.”

“போனாலும் தண்ணி நீதான தூக்கணும்?” என்றாள் அம்மா.

அழுதேன், கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன். அவள் அசையவில்லை. கடைசியில் அப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். “வெத்தல மாத்தியாச்சே மக்கா” என்றார். பேச்சு மாறுகிற தரகரை நம்பி நாளைக்கு யார் வண்டியை அவிழ்ப்பார்கள்? அவர் அதைச் சொல்லவில்லை. தரகர் மகளுக்கு அதைச் சொல்லியா தெரிய வேண்டும்?

சிவகிரி வீட்டில் அம்மா சொன்னபடியே கிணறு இருந்தது. பின்கட்டில், கைப்பிடிச் சுவரோடு, நல்ல கிணறு. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். காலையிலும் சாயங்காலமும் சுவருக்கு அந்தப் பக்கம் தெருப் பெண்கள் குடத்தோடு கூட்டமாகப் போவது கேட்கும். ஒருத்தியை ஒருத்தி கேலி செய்து சிரித்துக்கொண்டே போவார்கள். நான் வாளியைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். துணி துவைப்பதும் இங்கேதான், குளிப்பதும் இங்கேதான். சாமான் கடையிலிருந்து வந்துவிடும். வாசல் தாண்டுவதற்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை.

பொங்கல் சீர் கொண்டு அம்மா வந்தாள். வந்தவள் பையைக்கூட இறக்காமல் நேரே கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி இறைத்து, முகத்தைக் கழுவி, ஒரு கை அள்ளிக் குடித்தாள். “என்னா ருசிட்டி! நீ குடுத்து வச்சவ” என்றாள். கண் கலங்கியிருந்தது. பொய்யில்லாத சந்தோஷம். அவளிடம் போய் நான் என்ன சொல்ல?

பஸ்ஸை விட்டு இறங்கி இந்த வீட்டுக்கு வருகிற வழியில் என்னென்ன கடை இருக்கிறது என்று அவளிடம் கேட்டேன். கல்யாணமாகி வந்து இறங்கிய நாளுக்குப் பிறகு நான் அந்தத் தெருவைப் பார்த்ததே இல்லை.