மேற்கணக்கு வாசலில் ஓர் எண்ணெய்த் திட்டு

போன மாதம் பண்டாரவளை ஏற்றத்தில் நான் வந்த வேன் ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. எங்கள் சாரதிப் பையன் பிரேக்கை மிதிக்காமல் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்தபடி, மறு கையால் போனைத் தடவிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்தது. தலைமயிர், பழைய செருப்பு, அடிப்பிடித்த பருப்பு மூன்றையும் ஒன்றாக நெருப்பில் போட்டால் வருமே, அது. பக்கத்தில் இருந்த அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடினார். நான் அவசரமாக ஜன்னலை மூடினேன், வாசனை வெளியே போய்விடக் கூடாதே என்று. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கிளட்ச் தட்டு வேகிற வாசனை உங்களுக்கு நாற்றமாக இருக்கலாம். எனக்கு அது அம்மன் திருவிழா.

எழுபதுகளில், கடையில் பாண் ரொட்டிக்கும் வரிசை, நட்டு போல்ட்டுக்கும் வரிசை என்றிருந்த காலம். ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு ஸ்டோர் கிளாக்கர் உத்தியோகம். ஸ்டோர் என்று சொன்னேனே தவிர, உள்ளே காம்பு இல்லாத மண்வெட்டிகளும் வாய் பிளந்த சாக்குகளும் ஒரு பூனையும்தான் இருந்தன. பூனைக்கும் எனக்கும் ஒரே அளவு வேலை. அங்கே இல்லாத சாமான்களில் முக்கியமானவை ஜீப்புக்கானவை. வெள்ளைக்காரத் துரை விட்டுப் போன ஜீப் அது, நாலு சக்கரமும் இழுக்கும், நிறம் என்னவென்று யாருக்கும் ஞாபகமில்லை. கீழ்க்கணக்கு, மேற்கணக்கு என்று தோட்டம் இரண்டு பிரிவு. மேற்கணக்கில் பறித்த கொழுந்தை நிறுத்து, மூட்டையாகக் கட்டிக் கீழே தொழிற்சாலைக்கு இறக்குவது ஜீப்பின் வேலை.

ஓட்டியவன் தங்கராசு. என் வயது, என் பக்கத்து அறை. என்னை 'ஐயா' என்று கூப்பிடுவான், அந்த ஐயாவில் மரியாதை கொஞ்சம்தான் இருக்கும், மிச்சமெல்லாம் கேலி. சவரம் செய்துகொண்டே பாடுவான், பாட்டுக்காக ரத்தமும் சிந்துவான். அவனுக்கு மேற்கணக்கு முனியாண்டிக் கங்காணியின் மகள் பார்வதி மேல் ஒரு நினைப்பு. அவளுக்கும் அப்படித்தான் என்பது அவன் சொல்லி நான் நம்பியது.

கங்காணி குடியிருந்த லயத்து வரிசைவீட்டு முன்னால் ஒரு பீலி, மூங்கில் பிளந்து மலைத்தண்ணீரை விட்டிருந்தார்கள். பார்வதி குடத்தோடு வரும் நேரம் பார்த்து ஜீப்புக்குத் தாகம் எடுக்கும். உலகத்திலேயே அவ்வளவு தண்ணீர் குடித்த ரேடியேட்டர் வேறு இருந்திருக்காது. கங்காணி இதைக் கவனிக்காமல் இல்லை. ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டார்: "தேர மேக்கணக்கு வரைக்கும் கொண்டாந்து நிறுத்து. அதுக்கப்புறம் பொண்ணப் பத்திப் பேசலாம்."

இது லேசான பேச்சு இல்லை. அம்மன் கோயில் கீழ்க்கணக்கில். திருவிழாவில் அம்மனை டிரெயிலரில் ஏற்றி, வாழைமரம் கட்டி, காகிதப்பூ சுற்றி, ஜீப்பில் பூட்டி மேற்கணக்குக்கு இழுத்துப் போக வேண்டும். முந்தின வருஷம் மழையில் தேர் பாதி வழியில் திரும்பிவிட்டது. மேற்கணக்கு ஆட்கள் மனம் முறிந்து பொங்கல் சோற்றைக் கையால் தொடவில்லை. இந்த வருஷமும் வராவிட்டால் தனியாகக் கோயில் கட்டிக்கொள்வோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் ஜீப்புக்கு நோய் வந்தது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இஞ்சின் மட்டும் மலையேறும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போதைய துரை எண்ணெய் மாற்றச் சொன்னார். அம்மன் கோயில் பண்டாரம் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார். நான் பலமாக யோசித்து, பாரத்தைக் குறைக்கச் சொன்னேன். பாரத்தைக் குறைத்துப் பார்த்தோம், அதாவது என்னை இறக்கிவிட்டார்கள். அப்போதும் ஏறவில்லை.

பதுளையில் ஹமீது நானாவின் கராஜுக்கு இறக்கத்திலேயே உருட்டிக்கொண்டு போனோம். நானா ஜீப்பைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, டாப் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட்டார். அப்படி விட்டால் இஞ்சின் திணறி நின்றுபோக வேண்டும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இஞ்சின் செத்தா கிளட்ச் உசிரோட இரிக்கு. இஞ்சின் சாகலண்டா கிளட்ச் மவுத்து," என்றார். பிறகு தங்கராசுவின் இடது காலை ஒரு தடவை பார்த்தார். கியர் மாற்றாத நேரத்தில் அந்தக் கால் எங்கே இருக்கும் என்று கேட்டார். பெடல் மேலேதான் என்றான், அவனுக்கு அது வசதி.

"அது கால் வெக்கிற பலகையில்ல மகன். பொம்புளப் புள்ளயக் கனவு காணுறண்டா காலக் கீழ வெச்சிட்டுக் காணு."

தோட்டத்து விஷயம் பதுளை வரை போயிருந்தது.

ஒரு ஜீப்பின் கிளட்சைப் பார்ப்பது என்றால் வீட்டைப் பிரிப்பது மாதிரி. ஆசனங்கள், கால் வைக்கிற தகடுகள் எல்லாவற்றையும் கழற்றி, கியர்பெட்டியைக் கயிறு கட்டி, உருட்டுமரத்தில் தொங்கவிட்டு, கதவு வழியாக வெளியே எடுக்க வேண்டும். நாலு பேர் தூக்கினோம். மூன்று பேர் என்றும் சொல்லலாம், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தில் மட்டும் பாரத்தைக் காட்டினேன். உள்ளே கிளட்ச் தட்டு தேய்ந்து, ஆணித்தலைகள் பல் போலத் தெரிந்தன. நானா எங்கிருந்தோ பழைய லொறி லைனிங் கொண்டுவந்து, வெட்டி, தட்டில் வைத்து ஆணி அறைந்தார். பெடலை ஒரு விரல்கடை சும்மா போய்வர விட்டு முடுக்கினார்.

இன்னொரு குறையும் கண்டுபிடித்தார். இஞ்சினின் பின்பக்க சீல் கசிந்தது. புது சீல் கொழும்பிலேயே இல்லை. கசிகிற எண்ணெய் கிளட்ச் கூட்டுக்குள் விழும், கூட்டின் அடியில் ஓர் ஓட்டை இருக்கிறது, அது வழியாகச் சொட்டிப் போய்விடும் என்றார். ஆற்றில் இறங்கும்போது மட்டும் அந்த ஓட்டையை அடைக்க வேண்டுமாம், நமக்கு ஆறு இல்லை. "சொட்டினா சொட்டட்டும். அந்த ஓட்டைய மட்டும் அடச்சிடாதீங்க."

ஜீப் சொட்டிக்கொண்டே தோட்டத்துக்குத் திரும்பியது. அப்புறம்தான் வேடிக்கை. சொட்டுச் சொட்டாக ஒரு கறுப்புக் கோடு, தங்கராசு போன இடமெல்லாம் அவனைக் கோள் சொல்லிக்கொண்டு போனது. தொழிற்சாலை வாசலில் நாலு சொட்டு. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கைக்குட்டை அளவு. கங்காணி வீட்டு வாசலில், பீலிக்கு எதிரே, ஒரு ரொட்டிக்கல் அளவுக்குப் பளபளவென்று எண்ணெய்த் திட்டு. அது நாளுக்கு நாள் வளர்ந்து சுளகு அளவாயிற்று. பெரட்டுக்களத்தில் காலையில் பேர் பதிய நிற்கும் பெண்கள், கங்காணி வீட்டில் எண்ணெய் ஊற்று கிளம்பியிருக்கிறது, இனி நமக்கெல்லாம் விளக்குக்குக் கவலையில்லை என்று அவர் காதுபடவே பேசிக்கொண்டார்கள். கங்காணி அந்தத் திட்டின் மேல் மண் போட்டார். மண்ணும் கறுத்தது. சாம்பல் கொட்டினார், அதுவும் கறுத்தது.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சொட்டுவது தானாகவே நின்றுவிட்டது.

தங்கராசு ஓடிவந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் குனியவைத்துக் காட்டினான். காய்ந்த மண். அம்மன்தான் கண் திறந்திருக்கிறாள் என்றான். நானும் ஒத்துக்கொண்டேன். சீல் தானாக ஆறுமா என்று யோசிக்க எனக்கு என்ன தெரியும்? காயம் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, சீல் ஆறினால் என்ன?

திருவிழா அன்று ஹமீது நானா விருந்தாளியாக, வெள்ளைச் சட்டையும் புதுச் சாரமுமாக வந்திருந்தார். தப்பு முழங்க, காவடிகள் முன்னால் ஆட, ஏற்றத்துக்கென்றே இருந்த சிவப்புக் குமிழை இழுத்துச் சின்ன கியரில் தங்கராசு தேரைக் கிளப்பினான். பாதி ஏற்றம் வரை அம்மன் அசைந்தாடி வந்தாள். மூக்குத்தி வளைவில் இஞ்சின் திடீரென்று அலறியது. வண்டி நின்றது. கற்பூரத்தையும் சாம்பிராணியையும் தள்ளிக்கொண்டு அந்த வாசனை வந்தது.

சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். மேற்கணக்கு ஆட்கள் வளைவுக்கு மேலே குடங்களோடும் பிள்ளைகளோடும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் பார்வதி. தங்கராசு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான். மறுபடி முயன்றான், மறுபடி அலறல், மறுபடி புகை. மேலே யாரோ, "இந்த வருசமும் அவ்வளவுதான்," என்றது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

நானா செருப்பைக் கழற்றினார். சாரத்தை மடித்துக் கட்டி வண்டிக்கு அடியில் போனார். பிறகு ஏதோ பிடுங்குகிற சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு குடம் கவிழ்ந்த மாதிரி ஓசை. நானா வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டையைக் காணவில்லை, கறுப்புச் சட்டைதான் இருந்தது. கையில் ஓர் ஆப்பு. கொய்யா மரத்தில் அழகாகச் செதுக்கி, நுனியில் சிவப்புக் கட்டம் போட்ட துணி சுற்றி, ஓட்டைக்கு அளவாக இறுக்கியிருந்தார்கள். ஒரு வாரத்து எண்ணெய் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, கிளட்ச் தட்டைக் குளிப்பாட்டியிருக்கிறது.

நானா ஆப்பைத் தங்கராசுவிடம் கொடுத்தார். அவன் துணியைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் முனியாண்டிக் கங்காணியின் தலைப்பாகையைப் பார்த்தோம். அதே சிவப்புக் கட்டம். ஒரு மூலை கிழிந்திருந்தது. அவர் அந்த மூலையை மெதுவாக உள்ளே செருகிக்கொண்டு, வானத்தில் மழை வருமா என்று ஆராய்ந்தார். பாவம், வாசலில் மானம் போகாமல் இருக்கச் சொட்டை நிறுத்தினார். தான் கேட்ட தேரையே நிறுத்துகிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தங்கராசு ஆப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

கற்பூரத் தட்டை வளைவுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, நானா தரைத்தகட்டைத் தூக்கி, கூட்டின் மேலிருந்த சின்ன மூடியைத் திறந்து ஒரு போத்தல் பெட்ரோல் ஊற்றிக் கழுவினார். அது போதாது, எண்ணெயை உறிஞ்சப் பொடி மாதிரி ஏதாவது வேண்டும் என்றார். சுற்றிலும் பார்த்தார். பண்டாரத்தின் கையில் இருந்த பெரிய தட்டில் அவர் கண் நின்றது.

பண்டாரம் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "திருநீறுங்க நானா. நெத்தியில பூசுறது."

"தெரியும் பூசாரி. இண்டைக்கு இதுட நெத்தி உள்ளுக்குத்தான் இரிக்கு."

பண்டாரம் அம்மனைப் பார்த்தார். அம்மன் மறுக்கவில்லை. பண்டாரமே முன்னுக்கு வந்து, தங்கராசு கிளட்சை மிதித்து இஞ்சினை ஓடவிட்ட ஜீப்பின் வயிற்றுக்குள், மந்திரம் முணுமுணுத்தபடி பிடி பிடியாகத் திருநீற்றைப் போட்டார். ஜீப் நாலு பக்கமும் வெள்ளையாக மூச்சு விட்டது. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. எதற்கு என்று தெரியாமலே நானும் கும்பிட்டேன்.

"மெல்ல விடு. விட்ட பிறகு காலத் தூக்கிரு," என்றார் நானா.

தங்கராசு மெல்ல விட்டான். ஜீப் ஒரு தடவை உதறியது, பிடித்தது, நகர்ந்தது. அதன் பிறகு அந்த மனிதன் இடது காலைச் சீட்டின் மேலேயே மடித்து வைத்துக்கொண்டான். பந்தியில் இலைக்கு முன்னால் ஒரு காலை மடித்து உட்காருவோமே, அப்படி உட்கார்ந்து அம்மனை மேற்கணக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

பெண் கேட்கப் போனபோது, தங்கராசுவுக்குப் பெரியவர்கள் என்று யாரும் இல்லாததால் நானும் நானாவும் பெரியவர்களாகப் போனோம். எனக்கு மீசை சரியாக முளைக்காத குறையை நானாவின் தாடி ஈடு செய்தது. கங்காணி பிடி கொடுக்காமல் பேசினார். தேர் வந்தது வாஸ்தவம், ஆனால் பாதியில் நின்று வந்தது, நின்று வந்ததை வந்ததாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று இழுத்தார். தங்கராசு சட்டைப் பையிலிருந்து அந்தக் கொய்யா ஆப்பை எடுத்து, வெற்றிலைத் தட்டில், பாக்குக்குப் பக்கத்தில் வைத்தான்.

உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு, சட்டென்று அடங்கியது.

கங்காணி ஆப்பை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். தட்டை எங்கள் பக்கம் தள்ளினார். "டீ ஆறுது. குடிச்சிட்டு நாள் பாருங்க."

சில வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒப்பந்தப்படி தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். ஜீப்பை இரும்புக்காரன் துண்டு துண்டாக ஏற்றிப் போனான். நானாவின் கராஜ் இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். வேனில் வந்த அந்த வாசனை என்னை விடவில்லை, மறுநாளே ஹாலிஎலவில் இறங்கி மேற்கணக்குக்கு ஏறினேன். நடந்துதான். மடுவத்துக்குக் கூரை இல்லை. பீலி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கங்காணியின் லயத்துக்கு முன்னால் ஒரு த்ரீவீல், புதியது. அதற்குள் ஒரு பையன் தலையை வாரிக்கொண்டு, கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, மறுபடி வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

செருப்பு வாரைச் சரி செய்கிற சாக்கில் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது. அவன் எத்தனை நாளாக, எவ்வளவு நேரமாக அந்த வாசலில் நிற்கிறான் என்று ஊருக்குச் சொல்ல ஒரு சொட்டுக்கூட இல்லை.