மஞ்சக்குட்டைக்குப் பஸ் ஏறிய கதவு

1992 சித்திரைக் கடைசியில் இரண்டு நாள் விடுப்பு கிடைத்தது. தனியாக மலைக்கு ஏன் போனேன் என்று வீட்டில் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஏற்காடு ஏரிக்கரைக் கூட்டம் பிடிக்காதவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி மஞ்சக்குட்டைக்குப் போகலாம். சேலத்தில் காலை ஏழே காலுக்குப் பஸ். டிக்கெட் ஏழு ரூபாய். இரண்டு மணி நேரம்.

அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. ஒவ்வொரு திருப்பத்திலும் தலைக்கு மேல் ஏதோ கிறீச்சிட்டு நகர்ந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த அக்காவும் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தார்.

"கதவு கண்ணு. சேலத்துல பழசு வாங்குனோம். கட்டுனது பத்தாது போல."

கண்டக்டர் சிரித்தார். "ஏனுங்க அக்கா, ஊட்ட விட்டுட்டுக் கதவு மட்டும் போகுது?"

"ஊடு எரிஞ்சு போச்சுங்க. கதவு முன்னால போகுது, ஊடு பின்னால வரும்."

அடுத்த நிறுத்தத்தில் கண்டக்டர் தானே மேலே ஏறிக் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

அக்காவின் பெயர் வெள்ளையம்மா. முன் இருக்கையில் இருந்த கணவர் சடையன். தீயில் வெந்த அக்காவின் இடது கை விரல்கள் மடங்காது. அதனால் இறங்கியதும் கதவின் பின்பக்கத்தை நான் பிடித்தேன். காப்பித் தோட்டத்து வழியாக ஒரு கிலோமீட்டர் ஏற்றம். மேகம் இறங்கி வந்துகொண்டே இருந்தது.

மண்சுவர் எழும்பியிருந்தது, புல் கூரையும் வேய்ந்தாகிவிட்டது. வாசலில் வெறும் நிலை மட்டும். இரண்டு மாதமாகத் தார்ப்பாய்க்கு அடியில் படுக்கிறார்களாம். இரண்டு பிள்ளைகளில் சின்னவன் இருமிக்கொண்டிருந்தான். காத்திருந்த ஆசாரி கதவை வாங்கிச் சாய்த்தார்.

"கதவு வெளிய பாத்துத் தொறக்கோணும் ஆசாரி" என்றார் அக்கா.

"என்னக்கா வெளையாட்டு! நெலையே உள்ள பாத்து நிக்குது. வெளிய தொறந்தாக் காத்து புடுங்கிட்டுப் போயிரும்."

"புடுங்குனாத் திரும்ப மாட்டிக்கலாம்."

சடையன் வானத்தைப் பார்த்தார். "மழ வருது புள்ள. பையனுக்கு வேற சளி. இன்னைக்கு இப்பிடியே மாட்டிட்டு அப்பறம் மாத்திக்கலாம்."

"அப்ப நீங்க உள்ள படுங்க. நானும் புள்ளைங்களும் வெளியவே கெடக்கறோம்."

எனக்கு அக்காமேல் எரிச்சல்தான் வந்தது. குழந்தை இருமுகிறது, முதல் துளி விழுந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, என்னிடம்தான் சொன்னார்:

"ஊடு முச்சூடும் பொகை கண்ணு. நாலு பேரும் கதவுமேல போய் விழுந்தோம். இழுத்தாத்தான் தொறக்கும்னு நொம்ப நல்லாத் தெரியும். இழுக்கத்தான் எடமில்ல. ஆளாளுக்குத் தள்றோம்."

கடைசியில் சடையன் பக்கத்துச் சுவரை உதைத்து ஓட்டை போட்டிருக்கிறார். அதன் வழியாகத்தான் நால்வரும் வெளியே வந்தார்கள்.

சடையன் கடப்பாரையை எடுத்து நிலையைச் சுற்றி ஈரம் காயாத மண்ணை இடிக்க ஆரம்பித்தார். "சுவரு உக்காந்துரும்ணா, பாத்து!" என்று ஆசாரி கத்திக்கொண்டே ஓடிப் போய் முட்டுக் கொடுத்தார். நிலையை வெளியே எடுத்து, திருப்பி நிறுத்தி, கீல் அறைந்து முடிக்க மூன்று மணி நேரம். நான் மண் குழைத்துக் கொடுத்தேன். தூறல் அதற்குமேல் வலுக்காமல் இருக்க வேண்டுமே என்று பதைத்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் அக்கா பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே சத்தமே இல்லை. சடையன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார்.

"இப்பத் தள்ளுங்க சாமி!" என்று உள்ளே அக்கா பிள்ளைகளிடம் சொன்னது கேட்டது.

படீரென்று திறந்த கதவு ஆசாரியின் தோளில் இடித்தது. "அய்யோ! மொத அடி எனக்கா அக்கா?" பிள்ளைகள் சிரித்தபடி வெளியே விழுந்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "இன்னொருக்கா" என்று அவர்களை உள்ளே இழுத்துக்கொண்டார். ஐந்தாவது தடவைக்குப் பிறகுதான் பானைகளையும் பாயையும் உள்ளே எடுத்து வைத்தார். அப்போது மழை பிடித்துக்கொண்டது.

போகிறவர்களுக்கு: திரும்ப நாலரைக்குப் பஸ், அதை விட்டால் ஜீப் கிடைப்பது சந்தேகம். மத்தியானச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சித்திரையானாலும் குடை வேண்டும். நடக்கும்போது மழை பிடித்தால், தோட்டத்து வழியின் முடிவில் புதுப் புல் வேய்ந்த வீடு ஒன்று இருக்கிறது. ஒதுங்க இடம் தருவார்கள். கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் நில்லுங்கள்.