டீச்சர் உட்காரும் பக்கம்

மோட்டார் சைக்கிள் சாமான் விற்கிற தொழிலில் வண்டியின் பெயரைக் கேட்கலாம், வருஷத்தைக் கேட்கலாம், ஓட்டுகிறவரின் சொந்த ஊரைக்கூடக் கேட்கலாம். பின்னால் உட்காருகிறவரைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. கவுண்டருக்கு உள்பக்கம் நின்று பிழைக்கிற உங்களுக்கு இது தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. நான் முக்கூடல்காரன். அப்பாவுக்கு வயல் கூலி, அம்மாவுக்குப் பீடி சுற்றும் வேலை, வீட்டின் முதல் பட்டதாரி நான். இயற்பியல் படித்தவனுக்கு ஸ்பிரிங் பற்றித் தெரியும் என்று நம்பித்தான் திருநெல்வேலி ஜங்ஷனில் கடை வைத்திருந்த அண்ணாச்சி என்னைச் சேர்த்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

முதலில் வருவது நான் கண்ணால் பார்த்தது அல்ல. அண்ணாச்சி சொல்லிக் கேட்டது.

எனக்கு முன்னால் இருந்தவர்

சேரன்மகாதேவியில் ஒரு கணக்கு வாத்தியார். அவர் மனைவியும் டீச்சர். மே மாத லீவு விட்டால் இருவரும் பழைய புல்லட்டில் ஏறி கொடைக்கானல், மூணாறு என்று கிளம்பிவிடுவார்கள். போன வருஷம் வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கக்கிச் செத்துவிட்டன. அப்போது கவுண்டரில் இருந்த செல்லையா, சார் கேட்டார் என்பதற்காக இடப்பக்கத்துக்கு மட்டும் ஒன்றை எடுத்துக் கொடுத்தாராம். பேட்டை ரயில்வே கேட் பக்கத்துப் பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட, டீச்சர் கீழே விழுந்துவிட்டார். புல்லட் சத்தத்தில் சாருக்குத் தெரியவில்லை. பின்னால் பேசிக்கொண்டே வீடு வரை போயிருக்கிறார். வாசலில் இறங்கி, வீட்டுச் சாவிக்காகப் பின்னால் கையை நீட்டியபோதுதான் ஆள் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? "செல்லையா இப்ப எங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கே சீட்டக் கிழிச்சிட்டேன்லே. ஒனக்கும் ஒரு ஆளு கீழ விழுதது வரைக்கும்தான் இங்கன வேலை."

அசையாத சாமான்

ஷாக் அப்சார்பரின் வேலை, பள்ளத்தில் பைய இறங்கி, பைய எழும்புவது. நம் ஊர்க்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. கவுண்டர்மேல் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு கையாலும் அமுக்கிப் பார்ப்பார்கள். அமுங்கினால் மட்டமான சரக்கு. அமுங்காவிட்டால் ஒரிஜினல்.

ஏரலிலிருந்து வந்த வாழைக்காய் வியாபாரி ஒருவருக்குக் கை போதவில்லை. நெஞ்சை வைத்து அமுக்கினார். அதுவும் போதாமல், நான் தடுப்பதற்குள் ஸ்டூல்மேல் ஏறி முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்தார். சாமான் வழுக்கிக்கொண்டு போய் ஷோகேஸ் கண்ணாடிக்குள் இறங்கியது. அவர் குனிந்து, சில்லுகளுக்கு நடுவிலிருந்து சாமானை எடுத்து ஊதினார். "கண்ணாடிதான தம்பி போச்சு, இது அசையலைல்லா. இதையே பொதியும்."

காலியான பக்கம்

ஏப்ரல் கடைசியில் வாத்தியாரே வந்துவிட்டார். போன வருஷம் வாங்கிய ஷாக் அப்சார்பரை நியூஸ் பேப்பரில் சுற்றி, கைக்குழந்தையைப் போல ஏந்தி வந்திருந்தார். இந்த வருஷம் மைசூர் வரை போவதாகத் திட்டம். ஆனால் டீச்சர் வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். முதுகு வலி. "இதை விடக் கட்டியா ஒண்ணு குடும். இடப்பக்கத்துக்கு மட்டும்" என்றார்.

ஒரு பக்கம் கட்டியாகவும் மறுபக்கம் செத்தும் இருந்தால் பின்சக்கரம் முறுக்கிக்கொள்ளும், வளைவில் வண்டி ஆடும், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினேன். கணக்கு வாத்தியார் அல்லவா, பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, சேலை கட்டிய பெண்கள் எல்லாரும் எந்தப் பக்கம் கால் போட்டு உட்காருகிறார்கள் என்று என்னிடம் கேட்டார். இடப்பக்கம் என்றேன். தேற்றத்தை நிரூபித்துவிட்டவர் போலச் சிரித்தார். "அப்ப வலப்பக்கம் யாருவே உக்காருதா? காத்துக்கு எதுக்கு சாக்கப்சர்?"

கேட்டுவிட்டேன்

ஒருவழியாக ஜோடிக்குச் சம்மதித்து, சனிக்கிழமை மறுபடி வந்தார். டீச்சரும் வந்தார். சார் புல்லட்டில், டீச்சர் பஸ்ஸில். அளவு பார்ப்பது சுலபம். மேல் துளையிலிருந்து கீழ்த் துளை வரை அளந்தால் போதும். எவ்வளவு கட்டியான ஸ்பிரிங் என்பதற்குத்தான் சுமை தெரிய வேண்டும். சாரின் எடையைக் கேட்டேன், சொன்னார். அந்த வேகத்திலேயே பக்கத்தில் திரும்பி, "டீச்சர், உங்க எடை?" என்றேன்.

பிளக் வாங்க வந்தவர்கூட வெளியே பார்க்க ஆரம்பித்தார். அண்ணாச்சி, "எலே" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். படிப்பு, வேலை, அம்மா பீடிக்கட்டோடு தெருவில் போய்ப் பெருமையடித்தது எல்லாம் என் கண்முன் வந்தன. டீச்சர் குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அறுபத்தி ரெண்டு" என்றார். எங்கள் எல்லாரையும்விட அதிர்ந்துபோனவர் சார்தான். "பொண்ணு பாக்க வந்தப்ப நாப்பத்தி ஆறுன்னாங்க. நான் இன்னிய வரைக்கும் அதுலல்லா நிக்கேன்."

பாபநாசம் போய் வந்தது

கொஞ்சம் மென்மையான ஜோடியாக எடுத்துக் கொடுத்தேன். எதிர்ச் சாரியில் இருந்த மெக்கானிக் மாட்டினார். கீழே இருக்கிற வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் ஒவ்வொரு கட்டாக இறுகும். அறுபத்திரண்டுக்கு முதல் கட்டே போதும் என்று வைக்கச் சொன்னேன். டீச்சர் தயங்கித்தான் ஏறினார். பாபநாசம் வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. வண்டி கிளம்பியதும் அண்ணாச்சி என் காதருகே வந்தார். "வரும்போது டீச்சர் வண்டில வந்தா நீ இரு. பஸ்ல வந்தா நீயும் முக்கூடலுக்குப் பஸ் ஏறிரு."

நொங்கு

சாயங்காலம் வரை எந்தப் புல்லட் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடினேன். ஐந்து மணிக்கு வந்தார்கள். டீச்சர் வண்டியில்தான் இருந்தார். எனக்கு உயிர் வந்தது. சார் மெக்கானிக்கிடம் பேசப் போனதும் டீச்சர் கவுண்டருக்கு வந்து குரலைத் தணித்தார். முதுகு வலிக்கவில்லை, ஆனால் பெரிய பள்ளத்தில் அடியில் டக்கென்று இடிக்கிறது. "நான் சொன்னது பழைய எடை, தம்பி, இன்னும் ரெண்டு கட்டு ஏத்தி வைங்க, சார் கேட்டா ரோடு சரியில்லைன்னு சொல்லுங்க" என்றார். ரோடும் சரியில்லைதான்; எனவே பொய்யில்லை.

வளையத்தை ஏற்றி முடித்தபின், அக்கறையாக, "போன வருசம் பேட்டையில விழுந்த மாதிரி ஆயிராம, பிடிச்சு உக்காருங்க டீச்சர்" என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நான் எங்க விழுந்தேன்? கேட் அடைச்சிருந்தது, நொங்கு வாங்க இறங்கினேன். ரயில் போச்சு, கேட்டைத் தொறந்தாங்க, இந்த மனுசனும் போயிட்டாரு."

அண்ணாச்சியின் பதில்

அப்படியானால் செல்லையாவுக்கு வேலை போனது அநியாயம். அதைச் சொன்னால் அவரைத் திரும்பக் கூப்பிடுவார்கள், நான் வெளியே. சொல்லாவிட்டால் சோறு இறங்காது. இரண்டு நாள் விழுங்கிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். அவரைக் கூப்பிடுங்கள், நான் போகிறேன் என்பதையும் சேர்த்துத்தான்.

அண்ணாச்சி கல்லாவைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "விழலைன்னு எனக்குத் தெரியாதாலே? செல்லையா தூத்துக்குடில நல்ல வேலை கெடச்சுப் போனான், நாந்தான் பஸ் ஏத்திவிட்டேன். டீச்சர் விழுந்தாங்கன்னு சொல்லப்போய்த்தான நீ உசுரைக் குடுத்து ரெண்டு பக்கமும் சேத்து வித்த?"

எனக்குப் பின்னால் வந்தவர்

பிறகு தேர்வெழுதி, பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் சேர்ந்தேன். அண்ணாச்சியே ஸ்வீட் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் அந்தப் பக்கம் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். கவுண்டரில் புதியவர், என்னைத் தெரியாது. புல்லட்டுக்கு இடப்பக்கம் மட்டும் ஷாக் அப்சார்பர் கிடைக்குமா என்று சும்மா கேட்டேன். மனிதர் பதறிப்போனார். ஜோடியாகத்தான் தருவோம் என்றார். முன்னால் இருந்தவர் எங்கே என்றேன். சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதை ஏன் சார் கேக்கிய, ஒரு டீச்சர்கிட்ட எடை கேட்டுட்டாராம், அன்னைக்கே சீட்டக் கிழிச்சிட்டாங்க."

பின்னால் ஒரு முறை தூத்துக்குடி போய்ச் செல்லையாவையும் பார்த்துக் கேட்டுக்கொண்டதால் உறுதியாகச் சொல்கிறேன்: அந்தக் கடையிலிருந்து யாரையும் இதுவரை விரட்டியதில்லை, விரட்டப்பட்ட நாங்கள் இருவரும் நல்ல வேலையில்தான் இருக்கிறோம்.