சூடு பார்க்கும் கை

புறங்கையை வைத்துப் பார்க்கிறார் திலகவதி அக்கா. பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் வைத்துப் பார்ப்பார்களே, அதே மாதிரி. ஆனால் அவர் கை வைப்பது தொலைக்காட்சிக்குக் கீழே இருக்கும் சாம்பல் நிற கேம் பெட்டியின் மேல். "சூடு ஏறுதுங்க. இந்த ரேஸ் முடிஞ்சதும் நிறுத்திருங்க" என்கிறார். நாற்காலியில் சாய்ந்திருக்கும் கணவர் புவனேந்திரன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. திரையில் அவருடைய சிவப்புக் கார் மேடேறிக்கொண்டிருக்கிறது.

பாயா ரும்புட்டில் எங்கள் வரிசை வீடுகளுக்குள் மதிய நேரத்தில் உட்கார முடியாது. அக்கா வீட்டில் இருப்பது ஒரே ஒரு காற்றாடி. அது அங்கே இங்கே திரும்பிவிடாதபடி அதன் கழுத்தை ராஃபியா கயிற்றால் கட்டிப் பெட்டியைப் பார்க்க நிறுத்தியிருக்கிறார். புவனேந்திரன் அண்ணனின் பனியன் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் ஒருநாள் கேட்டேன்: "மனுசங்க பக்கமும் கொஞ்சம் திருப்பி வைக்கலாமே அக்கா?"

"நமக்கு வேர்த்தா குளிச்சிக்கலாம் தம்பி. அதுக்கு வேர்க்காது. செத்துப் போயிரும்லா."

அண்ணன் ஜாசின் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். போன வருடக் கடைசியில் ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் பாதி போய்விட்டது. பிசைந்து பழக ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். அதை இடது கையால் எடுத்து வாசல் சாக்கடைக்குள் வீசினார். குறி தப்பவில்லை.

சீனப் பெருநாள் லீவுக்கு ஜொகூரிலிருந்து அக்காவின் தம்பி தனேஷ் இந்தப் பெட்டியோடு வந்தான். விளையாட்டாகத்தான் அதை இயக்கும் கைப்பிடியை அண்ணன் மடியில் வைத்தான். வேகம் கூட்டும் பொத்தான் வலது கட்டைவிரலுக்கு நேர் கீழே இருந்தது. திரையில் கார் மேட்டில் நின்றுவிட்டது. "எண்ணெ அமுக்குங்க மச்சான், எண்ணெ!" என்று தனேஷ் கத்தினான். வேகம் கூட்டச் சொல்லும் அந்தச் சொல் லோரிக்காரர் காதில் விழுந்தால் சும்மா இருப்பாரா? கட்டை மாதிரிக் கிடந்த விரல் அழுத்தியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தனேஷ் பெட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

கேம் என்றாலே "சனியன்" என்று திட்டிக்கொண்டிருந்தவர்தான் அக்கா. இப்போது அதற்கு அவர்தான் நர்ஸ். பின்னல் துணியுறையைக் கழற்றி எறிந்துவிட்டார். அடியில் காற்றுப் போகட்டும் என்று நான்கு மூலைக்கும் துணி மாட்டும் மரக்கிளிப்புகளை முட்டுக் கொடுத்திருக்கிறார். கேமின் பாட்டு ஒரு நொடி திக்கினால் போதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார். பயத்தை மறைத்துப் பேசவும் அவருக்குத் தெரியாது. "பெட்டி ரொசாக் ஆயி கெட்டுப் போச்சுன்னா அவரு கையும் ரொசாக் ஆயிரும் தம்பி."

அந்தப் பெட்டிக்கு அக்கா கையாலேயே வினை வந்தது. ஆயுத பூசைக்கு வருடா வருடம் லோரிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பழகிய கை. "அவருக்கு இப்ப இதானே லோரி" என்று பெட்டியின் பக்கவாட்டில், காற்றுப் போகும் கீற்றுகளின் மேலேயே கெட்டிச் சந்தனத்தை அப்பிவிட்டார். பூசை முடிந்து அண்ணன் ஆட உட்கார்ந்தார். பாதி ஆட்டத்தில் படம் துள்ளித் துள்ளி நின்றுபோனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

கைப்பிடியோடு சேர்த்துப் பெட்டியை அக்கா துண்டில் சுற்றி, பஸ் ஏறித் தெங்கேராவில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் காளிதாஸிடம் கொண்டு போனார். அவர் பல்குச்சியால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே சொன்னாராம்: "கேம் தட்டப் படிக்கிற லென்ஸ் ஓடுற தண்டவாளம் பிளாஸ்டிக்குலா, அக்கா. சூட்டுல வளைஞ்சிருச்சி. பெட்டியக் கவுத்துப் போட்டு ஆடச் சொல்லுங்க, கொஞ்ச நாள் ஓடும். அடுத்த தடவ நின்னா என்கிட்ட கொண்டாராதீங்க, மாத்த சாமான் கெடையாது." பெட்டி கடையில் இருந்த நாட்களில் அண்ணனின் கட்டைவிரல் ஒரு தடவைகூட அசையவில்லை. அதை அக்காதான் வந்து என்னிடம் சொன்னார்.

அதிலிருந்து பெட்டி கவிழ்ந்து கிடந்துதான் ஓடுகிறது. அக்கா சோறு வடிக்கும்போதுகூட ஓடி வந்து புறங்கையை வைத்துவிட்டுப் போகிறார்.

நேற்று மதியம் நானும் அங்கேதான் இருந்தேன். பாட்டு திக்கியது. மேட்டில் ஏறிக்கொண்டிருந்த கார் அப்படியே உறைந்தது. பிறகு திரை இருண்டது. அக்கா பெட்டியைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். "தம்பி, நீங்க பாருங்களேன்" என்று என்னிடம் நீட்டினார். கொதித்தது. அணைத்துப் போட்டேன், நிமிர்த்திப் போட்டேன். உள்ளே கேம் தட்டு சுற்றவே இல்லை.

டக்.

கொஞ்சம் விட்டு மறுபடியும், டக். இரண்டு பேரும் திரும்பினோம். அண்ணன் இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கட்டைவிரல் கைப்பிடியின் பொத்தானை அழுத்தியது, விட்டது, அழுத்தியது. "மேடு... எண்ணெ..." என்றார்.

அக்கா பெட்டியை என்னிடமிருந்து வாங்கித் தரையில் வைத்தார். அதன் மேல் கை வைத்துப் பார்க்கவில்லை. காற்றாடியிடம் போனார். முடிச்சு நகத்துக்கு மசியவில்லை. குனிந்து பல்லால் கடித்து ராஃபியா கயிற்றை அவிழ்த்தார். காற்றாடியின் முகத்தை அண்ணன் பக்கம் திருப்பி வைத்தார்.