மாமாவுக்கு ஒரு பொய்

குன்னத்துகாலில் ஓணம் வந்தால் எங்கள் மாமாவுக்கு ஒரு பொன்னாடை நிச்சயம். மாமாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பாறசாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினார். தினமும் தனியாகவே பஸ் ஏறிப் போய் வந்தார். ஆனால் ஓணத்தன்று மட்டும் ஊர் கிளப்காரர்கள் அவரைக் கைப்பிடித்து மேடையேற்றி, போர்த்தி, "பாவம், எவ்வளவு தைரியம்!" என்று மைக்கில் உருகிவிட்டு உட்கார வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் டிவி, மிக்ஸி, தையல் மெஷின் எல்லாமே மாமாவின் கௌரவத்தைத்தான் போர்த்திக்கொண்டிருந்தன.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், மாமா மேடை வேண்டாம் என்று உறியடிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். கண்ணைக் கட்டிக்கொண்டு, கயிற்றில் தொங்கும் பானையைக் கம்பால் உடைக்கிற விளையாட்டு அது. கிளப் செயலாளர் பதறிப்போனார்.

"சாரே, நீங்க விழுந்தா நாங்களாக்கும் பதில் சொல்லணும்."

"கண்ணுள்ளவனையெல்லாம் கண்ணைக் கெட்டி விடுதியளே, அவன் விழமாட்டானா?"

செயலாளர் முனகிக்கொண்டே வழிவிட்டார். வரிசையில் நின்ற பையன்களோ, சாருக்கு இருட்டு பழக்கம், இது கள்ளக்களி, அழுகுணி ஆட்டம் என்று கூச்சல் போட்டார்கள். அதுவரை பாவமாக இருந்த மாமா ஒரு நொடியில் பயங்கர எதிராளி ஆகிவிட்டார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. "எலே, எனக்கும் கெட்டு" என்று தலையைக் குனிந்து கொடுத்தார்.

எங்கள் ஊர் உறியடியில் கூட்டத்துக்கும் ஒரு வேலை உண்டு. பானை இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கம் என்று கத்தி ஆளைச் சுற்றவிட வேண்டும். அதில் எனக்கு நல்ல பேர்.

மாமா கம்போடு நடந்தார். பானை இடப்பக்கம் தொங்கியது. "இடத்தோட்டு சாரே, இடத்தோட்டு!" என்று ஊரே ஒரே குரலில் கத்தியது. இவர்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று எனக்குத் திகைப்பு. வழக்கம்போல "வலத்தோட்டு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

மாமா ஊரின் குணம் அறிந்தவர். ஊர் சொன்னதற்கு நேரெதிராகத் திரும்பி ஓங்கி ஒரு போடு போட்டார். கம்பு காற்றில் போனது.

"பானை எங்கலே?"

"இடப்பக்கம், சாரே. நாங்க ஒள்ளதத்தானே சொன்னோம்" என்றார் செயலாளர்.

மாமாவின் முகம் சுருங்கியது. "ஒருத்தனுக்குக்கூடவா எங்கிட்ட பொய் சொல்ல மனசு வரல்ல?"

அம்மா வெட்கத்தோடு என்னை முன்னால் தள்ளினாள். "இவ சொன்னா. ரெண்டு குடு."

மாமா சிரித்த சிரிப்பில் மைக்செட்காரரே திரும்பிப் பார்த்தார். என் கையைப் பிடித்து நேராக டீக்கடைக்கு நடந்தார். ஒரு தட்டு நிறைய, நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி சுடச்சுட வாங்கி என் முன்னால் வைத்தார்.

"தின்னு மக்கா. அடுத்த ஓணத்துக்கும் இப்படியே கத்தணும், கேட்டியா?"

தின்றேன். உண்மை சொன்ன ஊருக்குக் கோபமும் பொய் சொன்ன எனக்குப் பழம்பொரியும் எந்த ஊர் நியாயம் என்று மட்டும் அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.