சோத்தாங்கைப் பக்கம் கடல்

புளியோதரை வாசனையும் வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டின் வாசனையும் சேர்ந்து வந்தால் மற்றவர்களுக்குக் குமட்டும், எனக்கோ எங்கேயோ கிளம்பப் போகிறோம் என்று கால் பரபரக்கும். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு கோடை விடுமுறையில், டெல்லி மயூர் விஹாரிலிருந்து கொங்கணக் கடற்கரைவரை பழைய மாருதி வேனிலேயே போய் வருவது என்று அப்பா முடிவெடுத்தார். வழியெல்லாம் வண்டிக்குள் அந்த வாசனைதான்.

எனக்கு அப்போது பத்து வயது, கடலைப் பார்த்ததே இல்லை. அப்பா தூத்துக்குடிக்காரர்; ஆனால் அங்கே அவருக்கு உறவென்று யாரும் மிச்சமில்லை. விடுமுறைக்கு ரயிலேறினால் சங்கரன்கோவில் பக்கத்திலிருக்கும் அம்மாவின் ஊருக்குத்தான் போவோம், அங்கே கடலுக்கு எங்கே போவது? நான் கண்ட பெரிய தண்ணீர் எல்லாம் ஸ்கூல் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த யமுனைதான். அதற்கு இந்தப் பக்கம் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. கடலில் அக்கரை தெரியாது என்று பாடப்புத்தகத்தில் இருந்ததை நான் நம்பவேயில்லை. எதற்குமே ஒரு அந்தப் பக்கம் இருந்துதானே ஆகவேண்டும்? அப்பாவைக் குடைந்து குடைந்து கேட்டேன். "வந்து பாத்துக்கோட்டி" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ராஜஸ்தானத்து மொட்டை மலைகள் போயின, குஜராத்தின் நீள நீளமான சாலைகள் போயின. நடுவில், உதய்பூர் தாண்டியதுமே வண்டி படுத்துவிட்டது. மெக்கானிக்கைச் சுற்றிச் சுற்றி வந்து "பையா, ஜல்தி" என்று அப்பா கெஞ்சியும் லீவில் பாதி அங்கேயே கரைந்தது. கடைசியில் கோலாப்பூரில் அப்பாவின் நண்பர் வீட்டில் தங்கல், மறுநாள் விடிந்ததும் டெல்லிக்குத் திரும்பியாக வேண்டும். கடலுக்கென்று மிஞ்சியது ஒரு பிற்பகல். மலையிறங்கிப் போய், கடலைப் பார்த்துவிட்டு, மறுபடி மலையேறிவிட வேண்டும்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கு எழுதுவதும் இடது கை, சாப்பிடுவதும் இடது கை. அம்மா திட்டியும் கெஞ்சியும் பார்த்து ஓய்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் வலது, இடது என்று யாரும் சொல்வதில்லை. "சோத்தாங்கை", "நொட்டாங்கை" என்றுதான் பேச்சு. சோறு தின்கிற கை சோத்தாங்கை என்று நானாகவே புரிந்துவைத்திருந்தேன். பொருள் சரிதானே? அதுவரை என்னிடம் யாரும் வழி கேட்டதில்லை, அதனால் பிசகும் வெளியே வரவில்லை.

மலை இறக்கத்தில் சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம், தம்பியோடு பின் சீட்டிலிருந்த அம்மா தன் டெல்லி இந்தியில் கடலுக்கு வழி கேட்டாள். அந்த அம்மாள் மராத்தியில் சொல்லிக் கையையும் காட்டினார். "சோத்தாங்கைப் பக்கம்" என்று அம்மா சத்தம் போட்டாள். பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததில் அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்த என்னை என்னவென்று கேட்டார். நான் என் சோத்தாங்கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் அந்தப் பக்கமே ஒடித்தார்.

கொஞ்ச தூரம் போனதும் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏங்க, கடலுக்குப் போற ரோடு எங்கயாவது மேல ஏறுமா?"

திருப்ப இடமில்லாத ஒற்றைச் சாலை. உச்சியில் ஒரு பாறை வெளிவரை போய்த்தான் நிறுத்த முடிந்தது. தம்பி பின்னால் நல்ல தூக்கம். இறங்கியதும் விசாரணை தொடங்கியது. இதுதானே சோத்தாங்கை என்று நான் இடது கையை நீட்டினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், அப்பா இருமல் வருகிறவரை சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது. சூரியன் தாழ்ந்துவிட்டது, இனி இறங்கிப்போக நேரமில்லை என்று எனக்கே தெரிந்தது. கடலே இல்லாமல் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று விம்மினேன்.

அப்பா என் முகத்தைத் துடைத்து, தோளைப் பிடித்து மேற்கே திருப்பினார். கீழே காடு, அதற்கும் கீழே தென்னைகள், மெல்லியதாக ஒரு வெள்ளைக் கோடு. அதற்கப்பால் இருந்ததை வானம் என்றே நினைத்தேன். வானத்தில் ஒரு படகு இருந்தது. படகு எப்படி அங்கே என்று யோசித்தபோதுதான் உடம்பு சிலிர்த்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினேன், தேடினேன், அந்தப் பக்கத்தைக் காணோம். புத்தகம் பொய் சொல்லவில்லை. அந்தப் பக்கம் எங்கே என்று அப்பாவைக் கேட்டேன். அவரும் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"கரையிலயே பொறந்து வளந்தவன்ட்டி நான். இம்புட்டுப் பெருசுன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது."

அதற்குள் அம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "கால் நனையாம கடல் பாத்தேன்னு எவளும் சொல்லக் கூடாது. கெளம்புங்க."

அந்த வழக்கு எங்கள் வீட்டில் வருடக்கணக்கில் நடந்தது. அந்தத் தடவை நான் கடலைப் பார்த்தேனா இல்லையா? விருந்தாளி யார் வந்தாலும் அவர்கள் எதிரே அப்பா எங்களை ஓட்டுக்கு விடுவார். பார்த்தாள் என்று அப்பாவும் நானும், இல்லை என்று அம்மாவும், தூங்கிக்கொண்டிருந்த தம்பியும். எப்போதும் இரண்டுக்கு இரண்டு.

அந்த வேன் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. இப்போது போனில் ஒரு பெண் குரல் லெப்ட், ரைட் என்று வழி சொல்கிறது, சோத்தாங்கை என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. எத்தனையோ கடல்களில் நானும் கால் நனைத்துவிட்டேன். அந்தப் பாறை எந்த ஊர் என்று மட்டும் தெரியவில்லை, ஓட்டிப்போன அப்பா இப்போது இல்லை. சென்ற மாதம் அம்மா என் மகளிடம், உங்கம்மா அந்தத் தடவை கடலைப் பார்க்கவே இல்லை என்று ஆரம்பித்தாள், தம்பியும் ஆமாம் போட்டான். நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஓட்டுக்கு விட்டால் இனி நான் தோற்றுப்போவேன்.